உங்களுக்குத் தெரியுமா? பள்ளிப்பட்டு ஸ்பெஷல்!

திருவள்ளூர் மாவட்டத்தின் மூலையில் ஒரு பேரூராட்சி. ஊர் சின்னது. ஆனால் சேதி ஒவ்வொன்றும் யானை சைஸ்! படித்துக்கொண்டே வாருங்கள்.

★ வீட்டை விட்டு ஓர் அடி நகராமல் ஒருவர் எத்தனை மாநிலங்களில் வாழ முடியும்? 1940-ல் பள்ளிப்பட்டில் பிறந்த பாட்டி யாராவது இருந்தால் கேளுங்கள். பிறந்தபோது சென்னை மாகாணம். 1950-ல் சென்னை மாநிலம். 1953-ல் ஆந்திர மாநிலம். 1956-ல் ஆந்திரப் பிரதேசம். 1960-ல் மறுபடியும் சென்னை மாநிலம். 1969-ல் தமிழ்நாடு. அதே வீடு, அதே திண்ணை. முகவரி மட்டும் 5 முறை மாறிவிட்டது!

★ திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டு துணைத் தாலுகாவும் ஆந்திராவிடமிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த நாள் எது தெரியுமா? 1960 ஏப்ரல் 1! எல்லை பிரித்துக் கொடுத்தவர் படாஸ்கர். வடக்கு எல்லைக்காகப் போராடிச் சிறை சென்றவர் ம.பொ.சி. இந்தப் பக்கத்து ஊர்களில் இலவசமாகத் தமிழ் கற்றுக்கொடுத்து மக்களைத் திரட்டிய ஆசிரியர் மங்கலங்கிழார். இன்றும் திருத்தணிக்குள் போனால் ம.பொ.சி. சாலை உங்களை வரவேற்கும்!

★ டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்தது திருத்தணியில். இது எல்லோருக்கும் தெரியும். இது தெரியுமா? 1952 முதல் 1962 வரை அவர் துணைக் குடியரசுத் தலைவர். அந்தப் 10 ஆண்டுகளுக்குள் அவர் பிறந்த ஊர் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலத்துக்குப் போய், ஆந்திரப் பிரதேசமாகி, திரும்பவும் சென்னை மாநிலத்துக்கே வந்துவிட்டது. பதவி ஒன்றே. சொந்த ஊரின் மாநிலம் மாறியது 3 முறை!

★ பள்ளிப்பட்டிலிருந்து வடக்கே போங்கள், ஆந்திரா. மேற்கே போங்கள், ஆந்திரா. சரி, சென்னை இருக்கும் கிழக்குத் திசைதானே என்று நேராகப் போனால்? நகரி வந்துவிடும். அதுவும் ஆந்திரா! கோயிலுக்குத் திருத்தணி போவதைவிட நகரி போவது பக்கம்!

★ மாநிலம் மட்டுமா மாறியது? மாவட்டமும்தான்! 1911 வரை வட ஆற்காடு. அப்புறம் சித்தூர். 1960-க்குப் பிறகு செங்கல்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். ஓர் ஊர், 4 மாவட்டங்கள்!

★ பள்ளிப்பட்டுக்காரருக்குக் கலெக்டர் திருவள்ளூரில். எம்.எல்.ஏ. திருத்தணி தொகுதிக்காரர். எம்.பி.யோ அரக்கோணம் தொகுதிக்காரர்! 1977 முதல் 2006 தேர்தல் வரை பள்ளிப்பட்டு என்றே தனிச் சட்டமன்றத் தொகுதி இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் அது போயே போய்விட்டது. இப்போது ஒரு மனு கொடுக்க 3 ஊர்ப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்!

★ கடைத்தெருவில் நின்று பைக் நம்பர் பிளேட்டுகளைப் பாருங்கள். டி.என். 20 என்றால் திருவள்ளூர். ஏ.பி. 03 என்றால் பழைய சித்தூர் வண்டி. ஏ.பி. 39 என்றால் 2019-ல் ஆந்திரா முழுவதற்கும் பொதுவாக வந்த எண். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்றையும் எண்ணிவிடலாம்!

★ அதே டீக்கடையில் கேள்வி தெலுங்கில் வரும். பதில் தமிழில் போகும். நடுவில் யாரும் மொழிபெயர்ப்பதில்லை. மீதிச் சில்லறை பைசா குறையாமல் வந்துவிடும்!

★ அயர்லாந்தில் பெட்டிகோ என்று ஒரு குட்டிக் கிராமம். நடுவில் டெர்மன் ஆறு. ஒரு கரை அயர்லாந்துக் குடியரசு, மறு கரை பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து! பாலத்தைத் தாண்டினால் யூரோ போய்ப் பவுண்டு வந்துவிடும். பள்ளிப்பட்டில் எல்லை தாண்டினாலும் பையில் அதே ரூபாய்தான். மாறுவது பஸ் போர்டில் இருக்கும் எழுத்து மட்டுமே!

★ 'செம்பருத்தி' படத்தில் 1992-ல் தமிழுக்கு வந்த ரோஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2014-லும் 2019-லும் அவர் வென்ற தொகுதி எது தெரியுமா? நகரி! அப்போது அவர் பள்ளிப்பட்டுக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் எம்.எல்.ஏ.வாக இருந்தார்!

★ உங்களுக்கு வருடத்தில் ஒரு புத்தாண்டா, இரண்டா? இங்கே 3! யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. சில வாரத்தில் சித்திரை முதல் நாள். அதற்கெல்லாம் முன்னால், ஆங்கிலப் புத்தாண்டுக்குத் திருத்தணி மலை!

★ அந்த மலைக்கு 365 படிகள். வருடத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி! டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடி ஏறுவார்கள். புத்தாண்டு பிறக்கும்போது முருகனுக்கு முதல் வணக்கம். இந்தப் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்!

★ அறுபடை வீடுகளில் ஐந்தாவது திருத்தணி. முருகன் கோபம் தணிந்து அமர்ந்த மலை. அதனால் கந்த சஷ்டியில் இங்கே சூரசம்ஹாரமே கிடையாது. வேலுக்கு ஓய்வு, பூவுக்கு வேலை. அன்று நடப்பது புஷ்பாஞ்சலி!

★ முருகன் என்றதும் மயில்தானே தேடுவீர்கள்? திருத்தணியில் யானையையும் பாருங்கள். தெய்வானைக்கு இந்திரன் சீராகக் கொடுத்த ஐராவதம் என்பது ஐதீகம். அதுவும் சுவாமியைப் பார்க்காமல், தன் சொந்த ஊரான இந்திரலோகம் இருக்கும் கிழக்கைப் பார்த்து நிற்கிறது!

★ முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கிருதி பிறந்தது திருவாரூரில் இல்லை. இதே திருத்தணியில்! யாரோ ஒரு பெரியவர் வாயில் கற்கண்டு போட்டாராம். உடனே மாயாமாளவகௌளை ராகத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது. ஒரு துண்டுக் கற்கண்டு, கர்நாடக இசைக்கு மும்மூர்த்திகளில் ஒருவர்!

★ மலை ஏறிவிட்டு அப்படியே பஸ் பிடித்துவிடாதீர்கள். ஊருக்குள் வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கிறது. பல்லவர் வரிசையின் கடைசி அரசர் அபராஜிதவர்மன் காலத்துக் கற்றளி. பின்பக்கம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாடம். வயது 1,100 ஆண்டுகளுக்கு மேல்!

★ கோடையில் இந்தப் பக்கம் வந்தால் தூக்கத்தை மறந்துவிடுங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி விடிய விடிய தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் நிஜமாகவே உயரமான பனைமரத் தம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். மேலேயிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியில் ஏந்துவார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பிரம்மாண்ட துரியோதனன் படுகளம். மாலையில் தீமிதி. பல ஊர்களில் மொத்தம் 18 நாள்!

★ அம்மன் திருவிழாவுக்கு இங்கே புழங்கும் பெயர் 'ஜாத்திரை'. கூழும் பம்பையும் நம் பக்கம், ஜாத்திரை என்ற பெயர் தெலுங்குப் பக்கம். அம்மன் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒருத்திதான்!

★ பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம். எல்லாம் தறி ஊர்கள்! தெருவில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து 'டக் டக்' சத்தம் கூடவே வரும். விசைத்தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறப்பதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல்!

★ ஆர்.கே.பேட்டை, ஆர்.கே.பேட்டை என்கிறோமே, முழுப்பெயர் தெரியுமா? ராமகிருஷ்ணராஜுபேட்டை! பஸ் போர்டில் இடம் போதாது!

★ நகரிக்குப் பக்கத்து மலை முகட்டுக்கு 'நகரி மூக்கு' என்று பெயர். வானத்தைப் பார்த்துப் படுத்த மனித முகத்தின் மூக்கு மாதிரியே இருக்கும். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கடலில் வந்த கப்பல்காரர்கள் இந்த மூக்கை வைத்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். கடலே இல்லாத ஊரில் கப்பலுக்கு வழிகாட்டி!

★ நகரியிலிருந்து பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, சோளிங்கர், ராணிப்பேட்டை வழியாகத் திண்டிவனத்துக்குப் புது ரயில் பாதை. அறிவித்தது 2006-07-ல். நீளம் சுமார் 180 கிலோமீட்டர்! அந்த விசில் சத்தத்துக்காக ஒரு தலைமுறையே காத்திருக்கிறது. சீக்கிரம் வரட்டும்!

★ ராமாயணத்து இரட்டையர் லவனும் குசனும் பள்ளிப்பட்டில் சந்திக்கிறார்கள்! லவா, குசா என்ற இரண்டு ஆறுகள் ஆந்திரப் பக்கத்திலிருந்து ஓடிவந்து இங்கே ஒன்றுகூடுகின்றன. சேர்ந்ததும் பெயர் கொசஸ்தலை!

★ மழை கொட்டுவது ஆந்திராவில். தரைப்பாலம் மூழ்குவது இங்கே! கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்களில் வெள்ளம் புரளும். எதிர்க்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். 'அணை திறந்தாச்சாம்' என்ற இரண்டு வார்த்தைதான் இங்கே மழைக்காலத் தலைப்புச் செய்தி!

★ சென்னைவாசிகளே, கையில் இருக்கும் தம்ளரைப் பாருங்கள். கொசஸ்தலை போய்ச் சேருவது 1944-ல் கட்டிமுடித்த பூண்டி ஏரியில். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கிருந்துதான் உங்கள் ஊருக்குக் குடிநீர். பள்ளிப்பட்டு வழியாக வந்த வெள்ளமும் உங்கள் குழாயில் வருகிறது! மிச்சத்தை எண்ணூர்க் கழிமுகம் வரை கொண்டுபோய்க் கடலில் சேர்க்கும் இந்த ஆற்றின் நீளம் 136 கிலோமீட்டர்!

★ கடைசியாக, எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் சேதி! இதே கொசஸ்தலைப் படுகையில், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கற்கோடரிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி, 2011-ல் அந்தக் கோடரிகளின் வயதை உலகத்துக்குச் சொன்னார்கள். எழுதுவதற்கே கை நடுங்குகிறது. சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!