வானில் ஏறும் லோடு

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லோடு ஏற்றுபவர்களுக்கு இது தெரியும்: வண்டி எத்தனை டன் இழுக்கும் என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்தப் பாரம் எந்த அச்சின்மேல் உட்காருகிறது, எப்படிக் கட்டியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். போர் வண்டிகளை விமானத்தில் ஏற்றியவர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

1962 அக்டோபர் கடைசி வாரம். லடாக்கில் சீனப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 4,300 மீட்டருக்கு மேலே இருக்கும் சுஷூலுக்கு டாங்கிகள் உடனே தேவைப்பட்டன. 20 லான்சர்ஸ் படைப்பிரிவின் ஆறு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகள் சண்டிகரிலிருந்து ஏஎன்-12 விமானங்களில் ஏறின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 டன். சோவியத் தயாரிப்பான அந்த விமானங்கள் நம் விமானப்படைக்கு வந்ததே அதற்கு முந்தைய ஆண்டுதான். டாங்கியின் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் விமானத்தின் தளம் தாங்காது. மரப்பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் டாங்கியை ஏற்றினார்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. எஞ்சினின் வலுவும் இறக்கையின் தாங்கும் திறனும் சேர்ந்தே குறையும். இருந்தும் ஆறு டாங்கிகளும் போய்ச் சேர்ந்தன. அந்தப் போரின் தோல்விகளைப் பேசும் அளவுக்கு இந்தச் சாதனையை நாம் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

டாங்கிகளை விமானத்தில் கொண்டுபோகும் முயற்சி உலகில் 1930-களிலேயே தொடங்கிவிட்டது. சோவியத் படை சிறு டாங்கிகளை டிபி-3 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொண்டு பறந்தது. 1944 ஜூன் 6 அன்று பிரிட்டன், டெட்ரார்க் என்ற இலகு டாங்கிகளை எஞ்சினே இல்லாத ஹாமில்கார் கிளைடர்களில் வைத்து நார்மண்டியில் இறக்கியது.

இறங்க ஓடுதளம் இல்லாத இடத்தில் பாராசூட்தான் வழி. வண்டியை ஓர் உலோக மேடைமேல் வைத்துச் சங்கிலியாலும் பட்டையாலும் இறுகக் கட்டுகிறார்கள். விமானத்தின் பின்கதவு திறந்ததும் ஒரு சிறு பாராசூட் விரிந்து மேடையை வெளியே இழுக்கும். பாரம் பின்னோக்கி நகரும் அந்தச் சில நொடிகளில் விமானத்தின் எடைமையமே மாறும். விமானி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பிறகு பெரிய பாராசூட்டுகள் விரியும். தரையைத் தொட்டதும் அவை தாமாகக் கழன்றுகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்று வண்டியை இழுத்துக் கவிழ்த்துவிடும். 1973 ஜனவரியில் சோவியத் படை, இரண்டு வீரர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க ஒரு பிஎம்டி கவச வண்டியையே விமானத்திலிருந்து இறக்கியது. அந்த இருவரில் ஒருவர், வான்குதிப்புப் படைத் தளபதி மார்கெலோவின் மகன்.

இந்தத் தொழில்நுட்பத்தை நாமே செய்கிறோம். டி.ஆர்.டி.ஓ.வின் ஆக்ரா ஆய்வகம் ஐஎல்-76 விமானத்துக்காக உருவாக்கிய பி-7 அமைப்பு, 7 டன் வகைப் பாரத்தை இறக்கக்கூடியது. அதில் முதன்மைப் பாராசூட்டுகள் மட்டும் ஐந்து. 2020-இல் சீனப் படையுடன் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு விமானப்படை சுமார் 90 டாங்கிகளையும் 330 பிஎம்பி கவச வண்டிகளையும் லடாக்குக்குக் கொண்டுபோனது. நம் படைக்கு டி-72 டாங்கிகளைத் தயாரித்த, டி-90 டாங்கிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது.

போருக்கு மட்டுமல்ல இந்தத் திறமை. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 தொழிலாளர்கள் சிக்கியபோது, சுமார் 25 டன் எடையுள்ள துளையிடும் இயந்திரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சி-130ஜே விமானங்களில் ஏற்றி, சின்யாலிசௌர் ஓடுதளத்தில் இறக்கினார்கள். நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் அந்தச் செய்தியை மற்றவர்களைவிடக் கவனமாகப் படித்திருப்பார்கள். லாரிமேல் துளையிடும் கோபுரத்தையே நிறுத்தி, மேடும் பள்ளமுமான பாதையில் நாடு முழுக்க ஓட்டுகிறவர்கள் அவர்கள்.

தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. 2019 ஜனவரியில் திருச்சியில் அதன் தொடக்க விழா நடந்தது. பாரம் இறக்கும் மேடை, ஏற்றுப்பலகை, கட்டும் சங்கிலி, இழுவை டிரெய்லர் எல்லாம் இரும்பையும் அலுமினியத்தையும் வெட்டிப் பற்றவைக்கும் வேலை. சேஸிஸ்மேல் பாடி கட்டியும் ரிக் பொருத்தியும் பழகிய கைகள் சேலம், நாமக்கல் பகுதியில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பாதுகாப்புத் துறையின் தரச் சான்றும் சோதனை வசதியும் சிறு பட்டறைக்காரருக்கு எட்டும் தூரத்தில் வர வேண்டும். முதல் ஆர்டர்கள் சிறிதாக இருந்தாலும் சரி, அவற்றைச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கொடுங்கள்.