கவரிங் நகை கறுப்பது ஏன்?

கவரிங் நகையில் கறுப்பது தங்கம் அல்ல, அடியில் இருக்கும் செம்போ பித்தளையோதான். மேலே பூசிய தங்கப்படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானைக்கூட எட்டாது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் வழியே ஈரமும் வியர்வை உப்பும் உள்ளே இறங்கி, செம்போடு வினைபுரிந்து கறையாக மேலே வருகின்றன. நல்ல தயாரிப்பில் செம்புக்கும் தங்கத்துக்கும் இடையில் நிக்கல் அடுக்கு இருக்கும். மேலே நிறமற்ற லாக்கர் காற்றைத் தடுக்கும்.

மலேசியாவின் சிரம்பான், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் மிகுதி. பால்மரத் தோட்டத்தில் வேறொரு பகையும் உண்டு. மரப்பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். செம்பு கலந்தால் ரப்பரும் கெடும் என்பதால் பகை இருபக்கமும்தான்! வெள்ளிக் கொலுசை ரப்பர் பேண்டால் கட்டி வைப்பது அதைவிட மோசம்: பதப்படுத்திய ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.

வாசனைத் திரவியத்தில் உள்ள ஆல்கஹால் லாக்கரை இளக்கக்கூடும். ஆகவே அது உலர்ந்தபின் நகை அணிவதே முறை. கழற்றியதும் மென்பருத்தித் துணியால் துடைத்து, காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனித்தனியே வைக்க வேண்டும். குத்துவிளக்குக்கு ஏற்ற புளியும் சாம்பலும் இங்கே ஆகாது. கறையோடு முலாமும் போய்விடும். காப்புக்காக நகைமேல் பூசும் நிறமற்ற நகப்பூச்சு சில வாரம் தாங்கும், பிறகு திட்டுத்திட்டாக உரியும். செம்பு வெளியே தெரிந்துவிட்ட நகைக்கு மறுமுலாம் ஒன்றே வழி.