பேதை எனப் பெயர் பெற்ற பறவை

பறவைகளுக்கு மனிதர் இட்ட பெயர்களுள் நியாயமற்றது ஒன்று உண்டாயின், அது 'பூபி' என்பதேயாகும். ஸ்பானிய மொழியிலே பேதை எனப் பொருள்படும் 'போபோ' என்னுஞ் சொல்லே இதற்கு மூலம் என்பர். முற்காலத்து மாலுமிகளின் கப்பல்களில் இக்கடற்பறவைகள் அச்சமின்றி வந்தமர்ந்தன. எளிதிற் பிடிபட்டு அவர்களுக்கு உணவாயின. மனிதனை நம்பியதே பேதைமையெனக் கருதினர் போலும்!

இக்குடும்பத்துள் மிக அபூர்வமானது 'அபொட் பூபி'. வில்லியம் லூயிஸ் அபொட் என்னும் அமெரிக்க இயற்கை ஆராய்ச்சியாளர் 1892ஆம் ஆண்டிலே மேற்கு இந்து சமுத்திரத்திற் சேகரித்த பறவையைக் கொண்டே அறிஞர் உலகம் இதனை அறிந்தது. ஆதலின் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. அப்பகுதியில் இன்று இப்பறவை கூடு கட்டுவதில்லை. இது கூடு கட்டி வாழும் இடம் உலகிலே ஒன்றுதான். யாவாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 135 சதுர கிலோமீற்றர் பரப்புடைய கிறிஸ்மஸ் தீவே அது. 1643ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஆங்கிலக் கப்பற் தலைவர் ஒருவர் கண்டு பெயரிட்ட இத்தீவு, 1958இல் அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டது.

தோற்றத்தில் இப்பறவை கம்பீரமானது. தலையும் கழுத்தும் உடலும் தூய வெண்மை. சிறகுகளின் மேற்புறமும் வாலும் கருமை. கண்ணைச் சுற்றி மை தீட்டினாற்போன்ற கரிய திட்டு ஒன்றுண்டு. சேவலின் அலகு சாம்பல் நிறம். பேடையின் அலகோ இளஞ்சிவப்பு. இரண்டின் அலகு நுனியும் கருமையே. அலகை நோக்கியே ஆண் பெண் வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம். சிறகுகள் நீண்டு ஒடுங்கியவை. நெடுந்தூரங் கடல்மேற் சென்று மீனும் கணவாயும் தேடி உண்பதற்கு அவை மிகப் பொருத்தமானவை.

ஆயினும் அச்சிறகுகளே இதற்கு ஆபத்தாகவும் அமைகின்றன. ஏனைய பூபிகள் பலவும் நிலத்திலோ தாழ்ந்த செடிகளிலோ கூடு கட்ட, இது மாத்திரம் அடர்ந்த காட்டின் மிக உயர்ந்த மரங்களை நாடுகிறது. உயரத்திலிருந்து காற்றில் இறங்கியே இதனால் பறந்தெழ இயலும். தவறிக் கீழே விழுந்த பறவை நிலத்திலிருந்து மீண்டும் மேலெழ மாட்டாது பட்டினியால் மடியும்.

சுள்ளிகளாலும் இலைக்கொத்துகளாலும் அமைத்த கூட்டிலே பேடை ஒரே ஒரு முட்டையிடும். ஆணும் பெண்ணும் முறைமாறி, தோலிணைந்த பாதங்களின் சூட்டினால் ஏறக்குறைய எட்டு வாரம் அதனை அடைகாக்கும். குஞ்சின் வளர்ச்சியோ வெகு மந்தமானது. ஐந்தாறு மாதம் கழிந்தே அது பறக்கத் தொடங்கும். அதன் பின்னரும் பல மாதம் தான் பிறந்த மரத்துக்கே திரும்பி வந்து, பெற்றோர் கொணரும் உணவை எதிர்பார்த்திருக்கும். இடையிலே மழைக்காலப் புயல்கள் குறுக்கிடும், இரையும் அருகும். அக்காலத்தில் இறக்கும் குஞ்சுகள் பல. ஒரு குஞ்சை ஆளாக்க ஓராண்டுக்கு மேலாவதால், அதில் வெற்றிபெற்ற சோடி இரண்டாண்டுக்கு ஒரு முறையே முட்டையிடும்.

இவ்வாறு மெல்லப் பெருகும் இனத்துக்கு நேரும் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. கிறிஸ்மஸ் தீவின் மண்ணிலே பொஸ்பேற்று நிறைந்துள்ளது. பயிர்களுக்கு உரமாகும் அப்பொருளுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுச் சுரங்கவேலை நடந்தது, காடு வெட்டப்பட்டது. வெட்டிய மரங்களோடு கூடுகள் அழிந்தமை வெளிப்படை. வெட்டாது விடப்பட்ட மரங்களுக்கும் கேடு நேர்ந்ததே சிந்திக்கத்தக்கது. வெட்டவெளியைக் கடந்து வரும் காற்று சுழன்று கொந்தளித்து, அடுத்துள்ள காட்டின் ஓரத்தைத் தாக்குகிறது. அதனால் அங்குள்ள கூடுகளிற் பறவைகளும் குஞ்சுகளும் தவறி விழ ஏதுவாகிறது.

நல்ல முயற்சிகளும் நடைபெறாமலில்லை. 1980இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பின்னர் விரிவடைந்து, தீவின் பெரும்பகுதியை அது தன்னுள் அடக்கிக்கொண்டது. 1987இல் நின்ற சுரங்கவேலை பின்பு மீண்டும் தொடங்கியபோது, ஆதிக்காட்டை அழிக்கலாகாதென்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. வெறுமையான நிலங்களில் மரங்கள் நடப்பட்டு வருகின்றன. ஆனால் நட்ட கன்று கூடு தாங்கும் பெருமரமாவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதுவரை எஞ்சியுள்ள முதுமரங்களே இப்பறவைக்குத் தஞ்சம்.

நம் இலங்கையைத் தழுவும் அதே இந்து சமுத்திரத்திலேயே இந்த வாழ்க்கைப் போராட்டம் நடைபெறுகிறது. ஒரே குஞ்சுக்காக ஓராண்டுக்கு மேல் அலையையும் காற்றையும் பொருட்படுத்தாது உழைக்கும் பறவையைப் பேதையென்று எவ்வாறு சொல்வோம்? ஒரு நூற்றாண்டாக வளர்ந்த மரத்தை ஒரே நாளில் வெட்டிவிட்டு, அதன் நிழலை மறுநாள் தேடுவோருக்கே அப்பெயர் பொருந்தும்.