தூக்கத்தைப் பற்றிக் கேட்காத சான்றிதழ்

சொந்த காரோ பைக்கோ ஓட்டப்போகிறவர் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தால், தனக்கு உடம்பில் குறையில்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். லாரி ஓட்ட வேண்டுமானால் எந்த வயதிலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதற்காகவே இருக்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள 1ஏ படிவம். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும் இதே சான்று கேட்பார்கள். முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை.

நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா? சிவப்பு, பச்சை அடையாளம் தெரிகிறதா? ஹாரன் சத்தம் கேட்கிறதா? மாலைக்கண் உண்டா? வண்டி ஓட்டத் தடையாகக் கை கால்களில் ஊனம் உண்டா? படிவம் கேட்பது இவ்வளவுதான். எல்லாம் தேவையான கேள்விகளே. மாலைக்கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலான ஒளியில் பார்க்க உதவும் விழித்திரை உயிரணுக்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதைத் தயாரிக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் பகலில் நம்பர் பிளேட்டைப் பளிச்சென்று படிக்கும் அதே கண், விளக்கில்லாத சாலையில் ஓரமாக நடந்து போகிறவரைத் தவறவிடும். நிறக்குருடு விஷயத்தில் விதி கொஞ்சம் இளகியிருக்கிறது: லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கும் லைசென்ஸ் தரலாம் என்று 2020இல் திருத்தினார்கள்.

ஆனால் இந்தச் சோதனை நடப்பது பகலில், விழித்திருக்கும் மனிதரிடம். நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப்போகும் லாரிக்கு ஆபத்தான நேரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல், விடியும் முன்பு. உடலின் உள் கடிகாரம் விழிப்பை மிகவும் தாழ்த்திவைக்கும் வேளை அது. “கண் அசந்துவிட்டது” என்று டிரைவர்கள் சொல்வது மூளை மூன்று நான்கு விநாடி வேலையை நிறுத்துவதைத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால், ஸ்டியரிங்கைக் கவனிக்க ஆளில்லாமல் வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும். 1ஏ படிவத்தில் தூக்கம் பற்றி ஒரு கேள்வி கூடக் கிடையாது. கண்ணைச் சோதித்துவிட்டு, அந்தக் கண்ணை மூடவைக்கும் நோயைக் கேட்காமல் விடுவது எனக்குப் பெரிய ஓட்டையாகவே படுகிறது.

அந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். கழுத்து தடித்தவர்களுக்கு, உடல் எடை கூடியவர்களுக்கு மூச்சுப்பாதை, ஈரமான பேப்பர் ஸ்ட்ராவை உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வதுபோல மூடிக்கொள்கிறது. குறட்டை திடீரென்று நிற்கும். பத்து விநாடி, அதற்கு மேலும் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கும், மறுபடி குறட்டை. மூச்சு நிற்பதும் குறுகுவதுமாக இது மணிக்கு முப்பது முறைக்கு மேல் நடந்தால் நோய் கடுமை என்று கணக்கு. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவருக்கும் உண்மையில் தூங்கிய பலன் இருக்காது. இதில் கொடுமை, காலையில் அவருக்கு எதுவுமே நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. லாரியில் அந்தச் சாட்சி கிளீனர் அல்லது இரண்டாவது டிரைவர். நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். கிளீனர் இல்லாமல் போகும் வண்டிகளும் பெருகிவிட்டன. கேபினில் தனியாகப் படுப்பவரின் மூச்சு நிற்பதை யார் கேட்பது?

தூக்கக் கடனின் கனத்தை 1997இல் ஆஸ்திரேலியாவின் டாசனும் ரீடும் அளந்து காட்டினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிட்டன. நம் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 30 மில்லிகிராம். ஒரு சொட்டு குடிக்காத டிரைவரும் அந்த வரம்பைத் தாண்டியவரைப் போல ஆகிவிடுகிறார். ஊதவைக்கும் கருவி அதைக் காட்டாது. மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961லேயே சட்டம் எழுதினோம். லோடு குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி அந்த எட்டு மணி நேரத்தை மதிப்பதில்லை.

அமெரிக்காவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தின் டிரைவர்களை ஆராய்ந்து 2016இல் ஒரு முடிவு வெளியானது. ஆப்னியா இருந்தும் சிகிச்சையைச் சரியாக எடுக்காதவர்கள், தவிர்த்திருக்கக்கூடிய பெரிய விபத்துகளில் சிக்கிய விகிதம் ஐந்து மடங்கு. ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் நோயே இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது செய்திதான் முக்கியமானது. நோய் இருக்கிறது என்பதற்காக ஒருவரை வண்டியிலிருந்து இறக்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் விதியை அப்படித்தான் திருத்தியது: நடுத்தர, கடும் ஆப்னியா உள்ள லாரி டிரைவர், நோய் கட்டுக்குள் இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் ஓட்டலாம்.

வேலை போய்விடும் என்று பயந்தால் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களை அமெரிக்கா, தனி விலக்கு வாங்கினால் ஒழிய, மாநிலம் விட்டு மாநிலம் லாரி ஓட்டவிடாமல் வைத்திருந்தது. 2018இல் அதை மாற்றி, சிகிச்சை தரும் டாக்டர் சர்க்கரை சீராக இருப்பதாக எழுதித் தந்தால் தகுதிச் சோதனைக்கு வரலாம் என்றார்கள். 1ஏ படிவத்தில் தூக்கத்தைச் சேர்க்கும்போது நாமும் இந்த வழியில்தான் போக வேண்டும்.

முதல் கட்டச் சோதனைக்குச் செலவே இல்லை. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, பகலில் அசதி உண்டா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டாலே சந்தேகத்துக்குரியவர்கள் தெரிந்துவிடுவார்கள். அவர்களை மட்டும் இரவுத் தூக்கச் சோதனைக்கு அனுப்பலாம். சிகிச்சைக்கு உள்ள சி-பேப் என்ற கருவி, முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் உருவாக்கியது. வீட்டைவிடச் சாலையில் அதிக இரவுகள் கழிப்பவருக்கு இது சரிப்படுமா என்று கேட்கலாம். பெரிய லாரிகளின் பேட்டரி 24 வோல்ட். பல சி-பேப் கருவிகளும் 24 வோல்ட்டில் ஓடுபவை. தகுந்த இணைப்பு வாங்கினால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையிலேயே மாட்டிக்கொண்டு தூங்கலாம்.