விற்பனையில் இருக்கும், தேடினால் வராது: 'அடல்ட்' கதைகளை ஆன்லைன் கடைகள் ஒளித்துவைப்பது எப்படி?

ஒரு பேச்சுக்கு, வள்ளியூரில் இருக்கும் ஒருவர் வயது வந்தோருக்கான பாலியல் கதை ஒன்றை எழுதி, புனைபெயரில் தானே அமேசான் கிண்டிலில் மின்நூலாக ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பாளர் கிடையாது, அச்சகச் செலவும் கிடையாது. புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது என்று மெயிலும் வந்துவிட்டது. ஆனா, அமேசான் முகப்பில் உள்ள தேடல் பெட்டியில் தேடினா புத்தகத்தைக் காணோம். நேரடி லிங்க்கைத் திறந்தால் மட்டும் இருக்கிறது.

தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளின் மின்நூல்கள் 2016 டிசம்பரில் கிண்டில் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகு தமிழில் சொந்தமாக வெளியிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால், ஆங்கில எழுத்தாளர்கள் நெடுநாளாகப் புலம்பிவரும் இந்தப் பிரச்னை நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

எப்படி ஒளிக்கிறார்கள்?

புத்தகத்தின் மீது 'அடல்ட்' என்ற அடையாளம் விழுந்தால் பொதுவான தேடலில் அது வராது. 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' வரிசையிலும் இடம் கிடைக்காது. சில சமயம் விற்பனைத் தரவரிசை எண்ணும் காணாமல் போகும். அமேசானில் காசு கொடுத்து விளம்பரம் செய்யலாம் என்றால், காமக் கதைகளுக்கு அந்த வழியும் அடைப்புதான். எழுத்தாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'அடல்ட் டஞ்சன்', அதாவது பாதாளச் சிறை.

ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் 'சரோஜாதேவி' புத்தகங்கள் விற்றதும் கிட்டத்தட்ட இப்படித்தான். வார இதழ்கள் கயிற்றில் தொங்கும், இது அடியில் இருக்கும். ஆனா அங்கே கேட்டா கடைக்காரர் எடுத்துத் தருவார். இங்கே அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்பதே தெரியாதபோது யார் கேட்பார்கள்?

57,310 புத்தகங்கள் மறைந்த கதை

2009 ஏப்ரலில் அமேசானில் ஆயிரக்கணக்கான புத்தகங்களின் தரவரிசை எண் திடீரென மறைந்தது. மார்க் ப்ராப்ஸ்ட் என்ற எழுத்தாளர் ஏன் என்று கேட்டபோது, 'அடல்ட்' புத்தகங்களைச் சில தேடல்களிலிருந்தும் விற்பனைப் பட்டியல்களிலிருந்தும் விலக்குகிறோம் என்று பதில் வந்தது. அவர் எழுதியிருந்ததோ பதின்பருவத்தினருக்கான நாவல்! ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானிஸ் ரூம்' போன்ற இலக்கிய நூல்களும் சிக்கியிருந்தன. பட்டியலிடுவதில் நேர்ந்த தவறு, மொத்தம் 57,310 புத்தகங்கள் பாதிக்கப்பட்டன என்று பிறகு அமேசான் விளக்கம் சொன்னது. 2018 மார்ச் இறுதியில் காமக் கதை எழுத்தாளர்கள் பலரின் புத்தகங்களுக்கு மறுபடியும் தரவரிசை மறைந்தது.

2013 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது இன்னும் மோசம். தகாத உறவு, வன்புணர்வு பற்றிய கதைகள் மின்நூல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன என்று செய்தி வந்ததும், டபிள்யூ.எச்.ஸ்மித் நிறுவனம் தன் இணையதளத்தையே மூடியது. அதற்கு மின்நூல் வழங்கிய கோபோ, பிரிட்டன் கடையிலிருந்து சொந்த வெளியீடுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டுச் சரிபார்க்க ஆரம்பித்தது. எந்தத் தப்பும் செய்யாதவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே போயின.

கடைகளுக்கு என்ன பயம்?

குழந்தைகள் தேடும்போது இவை கண்ணில் படக்கூடாது என்பது நியாயமான கவலை, அதை மறுக்க முடியாது. ஆனால் பணம் போகும் வழியிலும் ஒரு கடிவாளம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் குறிப்பிட்ட வகைக் காமக் கதைகளை நீக்கச் சொல்லி ஸ்மாஷ்வேர்ட்ஸ் தளத்தை பேபால் நெருக்கியது; எதிர்ப்பு கிளம்பியதும் மார்ச்சில் நிபந்தனையைத் தளர்த்தியது. 2025 ஜூலையில் இட்ச்.ஐஓ தளம், பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் நெருக்கடியைக் காரணம் காட்டி 'அடல்ட்' படைப்புகளைத் தேடலிலிருந்து எடுத்தது.

இந்தியாவில் சட்டமும் விற்பவரைத்தான் முதலில் பிடிக்கும். 'லேடி சாட்டர்லிஸ் லவர்' நாவலை விற்றதற்காக பம்பாய் புத்தகக் கடையின் பங்குதாரர் ரஞ்சித் உதேஷிக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964-ல் உறுதி செய்தது. 2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் அந்தப் பழைய அளவுகோலை நீதிமன்றமே கைவிட்டது. முழுப் படைப்பையும் இன்றைய சமூகத்தின் பார்வையில் பார்க்க வேண்டும் என்றது. ஆனாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு அப்படியே இருக்கிறது. ஆபாசமானவற்றை மின்னணு வடிவில் வெளியிட்டால், முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எங்கே போய் முறையிடுவது?

விஷயமே இங்கேதான் இருக்கு. அரசு ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் அறிவிக்கை வெளியிட வேண்டும், அதில் காரணம் இருக்க வேண்டும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வள்ளியூர்க்காரருக்கு மதுரைக் கிளை இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' காமக் கதை இல்லை, அதை அரசு பறிமுதல் செய்யவும் இல்லை. ஆனாலும் எதிர்ப்பால் எழுந்த அந்தப் பிரச்னை சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2016 ஜூலையில் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கடை ஒளித்துவைத்தால்? ஆணை கிடையாது, காரணம் கிடையாது, பல நேரம் தகவல்கூட கிடையாது. விற்பனை குறைந்த பிறகுதான் எழுத்தாளருக்கே தெரியவரும். கிண்டில் அன்லிமிடெட்டில் வாசிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான் பணம் என்பதால், கண்ணில் படாத புத்தகத்துக்கு வருமானமும் இல்லை.

தமிழுக்குத் தனியாக ஒரு சங்கடமும் உண்டு. திருக்குறளில் காமத்துப்பால் மட்டும் 250 குறள். தலைப்பில் உள்ள சொல்லை மட்டும் பார்த்து ஒரு இயந்திரம் முடிவெடுத்தால், உரை எழுதிய புலவர் எந்தப் பக்கம் போவார்?

சிக்கிக்கொண்டால் என்ன செய்யலாம்?

அட்டைப்படம், தலைப்பு, அறிமுகக் குறிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்க. அட்டையிலோ தலைப்பிலோ வெளிப்படையான பாலியல் அம்சம் இருக்கிறதா என்று புத்தகம் ஏற்றும்போதே அமேசான் கேட்கும், உண்மையைச் சொல்லிவிடுங்க. தப்பிக்க நினைத்து வேறு பிரிவில் போட்டால் கணக்கே முடங்கலாம். திருத்திய பிறகு, புத்தகப் பக்கத்தில் இருக்கும் 10 இலக்க ஏ.எஸ்.ஐ.என் குறியீட்டைக் குறிப்பிட்டு, மறுபரிசீலனை கேட்டு உதவிப் பக்கம் வழியாக எழுதுங்க. வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கோங்க.