வீட்டுக்கு ஏற்ற மின்பிறப்பாக்கி

2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அவ்வாண்டில் பெற்றோல், மண்ணெண்ணெய், சமையல் வாயு ஆகிய யாவும் தட்டுப்பாடாயின. ஆகவே சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி முதலிய முசலிக் கிராமங்களில் மின்பிறப்பாக்கி வாங்க எண்ணுவோர், பெற்றோலிலும் வாயுவிலும் இயங்கவல்ல ஒன்றைத் தெரிதல் நன்று. ஒன்று கிடையாதபோது மற்றொன்று உதவும்.

முதலில் தேவையைக் கணக்கிடல் வேண்டும். அரைக் குதிரைவலு நீர் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 600 வாற்றுக் கொள்ளும். தொடங்கும் கணத்தில் அதன் மும்மடங்கு, அதாவது 1,800 வாற்று வேண்டும். மின்குமிழ்களுக்கு 100 வாற்று. மோட்டாரை முதலில் ஓடவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பின்னர் இணைப்பின், 2,500 வாற்று இயந்திரம் போதும். வாயுவில் இயங்கும்போது வலு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அப்போதும் 2,250 வாற்று எஞ்சும்.

பல மாதம் தேங்கிய பெற்றோல் கெட்டுக் காபரேற்றரை அடைக்கும், வாயு கெடாது. பெற்றோல் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றலாகாது. கடற்காற்றின் உப்பு துருவேற்றுமாதலின், இயந்திரத்தைத் துடைத்து மூடிவைத்தல் வேண்டும்.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். மழையாயினும் வீட்டினுள்ளோ விறாந்தையிலோ இயக்கலாகாது. வாசல், யன்னல்களிலிருந்து 20 அடிக்கு அப்பால், புகை வெளிநோக்கிச் செல்லுமாறு, மழைபடாத திறந்த கூரையின்கீழ் வைத்தல் வேண்டும்.

மாற்று ஆளியின்றி வீட்டு மின்கம்பியுடன் இணைப்பின் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாயும். அங்கு பழுதுபார்க்கும் மின்சார ஊழியர் உயிரிழக்க நேரும்.