ஒரே குடும்பம், இரண்டு வரி: பயனாளர் பட்டியலில் இரட்டைப் பதிவு ஏன் வருகிறது?

நிவாரணப் பட்டியல் என்றால் என்ன என்று சடையங்குப்பம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது அவர்கள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலமும் பரவியது. அந்த எண்ணெய்க் கசிவுக்காகத் தமிழ்நாடு அரசு ரூ.8.68 கோடி நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ.10,000.

கவனிச்சீங்களா? ஒரு தொகை குடும்பத்துக்கு, இன்னொன்று படகுக்கு. இப்படிப்பட்ட பட்டியலில்தான் இரட்டைப் பதிவு எளிதாக நுழையும். எப்படி என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது?

கணினியில் குடும்பங்களுக்கு ஓர் அட்டவணை, படகுகளுக்கு ஓர் அட்டவணை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு படகு. இரண்டு அட்டவணைகளையும் இணைத்துக் கேட்டால், அந்தக் குடும்பம் படகுக்கு ஒரு வரி என்று இரண்டு தடவை வரும். யாரும் ஏமாற்றவில்லை, கணினியும் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வைத்தே குடும்ப நிவாரணம் கொடுத்தால், ரூ.12,500 போக வேண்டிய வீட்டுக்கு ரூ.25,000 போய்விடும்.

இதற்குத் தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்.-இல் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல் இருக்கிறது. விடையில் ஒரே மாதிரியான வரிகள் இருந்தால் ஒன்றை மட்டும் காட்டும். குடும்ப அட்டை எண்ணை மட்டும் கேட்டு இதைச் சேர்த்தால், இரண்டு வரி ஒன்றாகிவிடும்.

கவனிக்க வேண்டிய மூன்று

1. டிஸ்டிங்க்ட் முழு வரியையும் ஒப்பிடும். அட்டை எண்ணோடு படகுப் பதிவு எண்ணையும் கேட்டால், இரண்டு வரியும் வேறு வேறு, எதுவும் நீங்காது. படகு வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டும் தேவை என்றால், 'இந்தக் குடும்பத்துக்குப் படகு உண்டா, இல்லையா' என்று கேட்பதே சரி. அதற்கு 'எக்ஸிஸ்ட்ஸ்' என்ற சொல் உண்டு. இரட்டிப்பு வந்த பிறகு நீக்குவதைவிட, வராமலே கேட்பது நல்லது.

2. இதையே மாற்றிச் செய்தால் நஷ்டம் மக்களுக்கு. படகு நிவாரணப் பட்டியலில் படகு எண்ணை விட்டுவிட்டு, அட்டை எண்ணையும் தொகையையும் மட்டும் கேட்டால், இரண்டு படகும் ஒரே வரியாகிவிடும். அந்த வீட்டுக்கு ரூ.10,000 குறையும்.

3. கணினி எழுத்தைப் பார்க்கும், ஆளைப் பார்க்காது. 'சடையங்குப்பம்', 'சடயங்குப்பம்' இரண்டும் அதற்கு வெவ்வேறு ஊர். பெயருக்கு முன்னால் இனிஷியல், பின்னால் இனிஷியல் என்றாலும் அப்படித்தான். அதேசமயம், ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். அதனால்தான் பெயரை விட்டு எண்ணைப் பிடிக்கிறார்கள்.

எண் ஒன்றானால் ஆள் ஒன்றா?

அதையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2025 மார்ச்சில் இந்தியத் தேர்தல் ஆணையம் தந்த விளக்கம் நினைவிருக்கலாம். வெவ்வேறு மாநில வாக்காளர்கள் சிலருக்கு ஒரே வாக்காளர் அடையாள அட்டை எண் இருந்தது. மாநிலங்கள் தனித்தனியாக எண் வழங்கிய பழைய முறையே காரணம், அவர்கள் போலி வாக்காளர்கள் அல்ல என்றது ஆணையம். எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை நீக்கியிருந்தால், உண்மையான வாக்காளரின் உரிமை போயிருக்கும்.

இன்னொன்று: டிஸ்டிங்க்ட் என்பது திரையில் வரும் விடையை மட்டுமே சுருக்கும். மூலப் பதிவு அப்படியே இருக்கும். அதை அழிக்கத் தனிக் கட்டளை வேண்டும். அதற்கு முன் நேரில் விசாரித்து உறுதி செய்வதுதான் முறை.

நீங்கள் செய்ய வேண்டியது

• குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்க.
• வீடு மாறினால் புதிதாகப் பதிவு செய்யாதீங்க. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். பெயரை நீக்கப் படிவம் 7.
• குடும்ப அட்டை தொடர்பான சந்தேகங்களுக்கு 1967, வாக்காளர் பட்டியலுக்கு 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.
• தகுதி இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையா? 'இரட்டைப் பதிவு' என்று நீக்கப்பட்டதா என்று கேளுங்க. எந்தப் பதிவோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்க.